டிஸ்னி வேர்ல்ட் போகுமுன் சாப்பாட்டு மேசை பிடித்த அனுபவம்

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்ட் போவதென்று முடிவானதும் விமான டிக்கெட் ஒரே மாலையில் முடிந்தது. ஹோட்டலும் ஒரு வார இறுதியில் முடிந்தது. சாப்பாட்டு ரிசர்வேஷன் மட்டும் வாரக்கணக்கில் வீட்டைப் பிடித்து ஆட்டியது. ஊர் சுற்றப் போகிற இடத்தில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்கு இரண்டு மாதம் முன்பே, அதுவும் விடியுமுன் எழுந்து போட்டி போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். எல்லாருக்கும் தேவையில்லை என்றுதான் சொல்வேன். எங்களுக்குத் தேவைப்பட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் டாலஸில் இருக்கிறோம். கணவர், நான், ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள். கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி உண்டு, முட்டைகூடத் தொடமாட்டார். கலிஃபோர்னியாவிலிருந்து நாத்தனார் குடும்பம் மூன்று பேர். ஆக எட்டுப் பேர், ஜூலை மாதம், ஃப்ளோரிடா வெயில். இந்தக் கூட்டத்தோடு மதியம் ஒரு மணிக்குப் பசியோடு நடுத்தெருவில் நின்று "இப்ப எங்க போறது?" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

முறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971-இல் திறந்த டிஸ்னி வேர்ல்டில் இப்போது நான்கு பூங்காக்கள்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம். அவற்றோடு இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். எல்லாம் சேர்ந்து சுமார் நூறு சதுர கிலோமீட்டர். சாப்பிடும் இடங்களைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கலாம். கவுன்ட்டரில் வாங்கி நாமே இடம் பார்த்து உட்காரும் கடைகள் ஒரு வகை; அவற்றுக்கு ரிசர்வேஷன் கிடையாது, டிஸ்னியின் ஆப்பில் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிடலாம். சர்வர் வந்து பரிமாறும் உணவகங்களும், மிக்கி, டொனால்ட் போன்ற கார்ட்டூன் கதாபாத்திரங்கள் மேசைக்கு வந்துபோகும் உணவகங்களும் இன்னொரு வகை. போட்டியெல்லாம் இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

சாப்பிடும் நாளுக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கிறது. 2020 வரை இது 180 நாளாக இருந்தது. ஆறு மாதம் கழித்து இரவு என்ன சாப்பிடுவோம் என்று அப்போது எப்படித்தான் முடிவு செய்தார்களோ! ஆன்லைனில் திறப்பது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 6 மணி. டாலஸில் அது 5 மணி, கலிஃபோர்னியாவில் அதிகாலை 3 மணி. டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பு, அந்த ஒரே காலையில், தங்கும் நாள்கள் முழுவதற்கும் பதிவு செய்துகொள்ளலாம், அதிகபட்சம் பத்து நாள் வரை. வெளியே தங்குகிறவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக எழுந்து உட்கார வேண்டும்.

இந்த ஒரு விதியைச் சரியாகப் பயன்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது. ஹோட்டலில் தங்குகிறவர் தன் பயணத்தின் ஐந்தாம் நாளுக்குப் பதிவு செய்யும்போது உண்மையில் 64 நாள் முன்பே செய்கிறார். வெளியே தங்குகிற யாருக்கும் அந்த நாள் இன்னும் திறந்திருக்காது. அதனால் கிடைக்க அரிதான உணவகங்களைப் பயணத்தின் கடைசி நாள்களில் வைக்க வேண்டும். தேடும்போதும் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். முதல் நாளிலிருந்து ஆரம்பிப்பதுதான் எல்லாருக்கும் இயல்பாக வரும். ஆனால் அந்த நாளுக்குத்தான் அன்று காலை எல்லாரும் சேர்ந்து தேடிக்கொண்டிருப்பார்கள்.

விதியைப் படித்துவிட்டால் மனசு அமைதியாகிவிடும் என்று பார்த்தால், டென்ஷன் வேறு பக்கத்திலிருந்து வந்தது. போய்வந்த நண்பர்கள் ஆளுக்கொரு பட்டியல் அனுப்பினார்கள். சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் சாப்பிடாவிட்டால் போனதே வீண் என்றார் ஒருவர். ரிவியேரா ஹோட்டல் மாடியில் டோபோலினோஸ் டெரஸ் காலை உணவு என்றார் இன்னொருவர். பாலினீசியன் ஹோட்டலில் ஓஹானா, மேஜிக் கிங்டத்தில் பீ அவர் கெஸ்ட், எப்காட்டில் விண்வெளி நிலையம்போல அமைத்த ஸ்பேஸ் 220. வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றையும் பிடித்தால் தினமும் மூன்று வேளையும் மேசையிலேயே போய்விடும், பணமும் போய்விடும். பிடிக்காவிட்டால் குழந்தைகளுக்கு எதையோ இழக்க வைத்துவிட்டோம் என்ற உறுத்தல். என் கணவருக்கும் எனக்கும் இரண்டு தடவை வாக்குவாதமே வந்தது. "சாப்பாட்டுக்காகவா போறோம்?" என்பார் அவர். "அம்மாவுக்கு உட்கார இடம் வேணுமே, அதை யார் பார்க்கிறது?" என்பேன் நான்.

அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கே வழி தெரிந்தது. பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். மகளுக்கு மிக்கியை அருகில் பார்க்க வேண்டும். மகனுக்கு விண்வெளி உணவகம். நாத்தனாருக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரு வேளை. மாமியார் முதலில் ஒன்றும் வேண்டாம் என்றார், அப்புறம் மெதுவாக, "ஏம்மா, மத்தியானத்துல கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார இடமிருந்தா போதும். சூடா ஏதாவது, முட்டை இல்லாம" என்றார். அவ்வளவுதான். மொத்தப் பட்டியலும் மூன்று வேளைகளாகச் சுருங்கிவிட்டது. கோட்டையும் டெரஸும் ஓஹானாவும் எங்கள் யாருடைய விருப்பமாகவும் இல்லை. தயக்கமே இல்லாமல் விட்டுவிட்டோம்.

பெயர் பெற்ற உணவகத்தை முதலில் பிடித்துவிட்டு அன்றைய திட்டத்தை அதைச் சுற்றி அமைப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. நம்மோடு வருகிறவர்களில் யாருக்கு, எந்த நேரத்தில், எதற்காக மேசை வேண்டும் என்பதை முதலில் பார்த்தால் தேடுவதும் சுலபம், கிடைப்பதும் சுலபம். காரணம், நேரம். அமெரிக்கக் குடும்பங்கள் மதிய உணவுக்குப் பன்னிரண்டு, ஒரு மணியையும், இரவு உணவுக்கு ஐந்தரை முதல் ஏழு மணி வரையும்தான் அதிகம் தேடுகின்றன. மதியம் இரண்டரைக்கும் இரவு எட்டரைக்கும் இடம் அதைவிட எளிதாகக் கிடைக்கிறது. நம் வீடுகளில் இரவு எட்டரைக்குச் சாப்பிடுவது சாதாரணம். அதைவிட முக்கியம் மதியம் இரண்டரை. ஃப்ளோரிடாவில் கோடைக் காலப் பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை கொட்டுவது வாடிக்கை. பக்கத்தில் மின்னல் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். வெயில் உச்சமும் அப்போதுதான். அந்த நேரத்தில் ஏசியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுவதால் எந்த ரைடையும் இழப்பதில்லை. பதினோரு மணிக்குக் கொறிக்க ஏதாவது, இரண்டரைக்குச் சாப்பாடு, இரவுக்கு லேசாக என்று எங்கள் வேளைகளை மாற்றிக்கொண்டோம்.

அடுத்தது வரைபடம். இதில் சொல்ல நிறைய இருக்கிறது. உணவகம் ஹோட்டலுக்குள் இருந்தால் பூங்கா டிக்கெட் இல்லாமலே போகலாம். ஆனால் ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொரு ஹோட்டலுக்கு நேரடிப் பேருந்து பொதுவாகக் கிடையாது. ஏதாவது ஒரு பூங்காவுக்குப் போய் மாற வேண்டும். குழந்தையும் முதியவரும் கூட இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது நல்லது, இல்லையென்றால் டாக்சி. அதனால் எந்த நாள் எந்தப் பூங்கா என்பதை முன்பதிவுக் காலைக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ரைடுகளில் நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் லைட்னிங் லேன் பதிவு ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு 7 நாள் முன்பும், மற்றவர்களுக்கு 3 நாள் முன்பும்தான் திறக்கிறது. சாப்பாடு அதற்கு வெகுநாள் முன்பே நிச்சயமாகிவிடுவதால், அன்றைய நாளின் முதல் ஆணி சாப்பாட்டு மேசைதான்.

மாமியாருக்காக நான் தேர்ந்தெடுத்தது சனா. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஹோட்டலில், கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்த உணவகம். சன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். இருட்டிய பிறகு போனால் அது தெரியாது, ஆகவே மதிய உணவு. அனிமல் கிங்டம் பூங்காவிலிருந்து அந்த லாட்ஜுக்கு நேரடிப் பேருந்து உண்டு என்பதால் அந்தப் பூங்காவுக்குப் போகும் நாளையே வைத்தோம். காலையில் பூங்கா, இரண்டரைக்குச் சனா, பிறகு ஓய்வு.

அங்கே பிரெட் சர்வீஸ் என்று ஒன்று உண்டு. நான் ரொட்டி, குல்ச்சா, பராத்தா வகைகள் ஒரு பக்கம். கொத்தமல்லிச் சட்னி, புளிச் சட்னி, மாங்காய்ச் சட்னி, ரைத்தா, பூண்டு ஊறுகாய் என்று கிண்ணங்கள் இன்னொரு பக்கம். எதில் முட்டை இருக்கிறது, எதில் இல்லை என்று சர்வரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். அவர் அலுத்துக்கொள்ளாமல் உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னார். மாமியார் ஒவ்வொரு கிண்ணத்தையும் தொட்டு ருசி பார்த்தார். "பூண்டு ஊறுகாய் நல்லாயிருக்கு, உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி" என்றார். பயணம் முழுக்க அவர் வயிறாரச் சாப்பிட்ட வெளிச்சாப்பாடு அதுதான். அந்த ஒரு மதியத்துக்காகவே அதிகாலையில் எழுந்தது தகும் என்று இப்போதும் சொல்வேன்.

முட்டை விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவில் வெஜிடேரியன் என்றால் முட்டையும் சேர்த்திதான். டிஸ்னியின் மெனுக்களில் சிறிய பச்சை இலை அடையாளம் போட்ட உணவுகள் உண்டு. அவற்றில் இறைச்சி, முட்டை, பால், தேன் எதுவும் இருக்காது. பால் சாப்பிடுகிற நமக்கு அது தேவைக்கு மேல் கண்டிப்பு என்றாலும், சந்தேகமில்லாமல் ஆர்டர் செய்யலாம். உணவகங்களின் மெனு விலையோடு இணையத்திலேயே இருக்கிறது. பதிவு செய்யுமுன் படித்துவிடுங்கள்.

மகளின் மிக்கிக்கு எப்காட்டில் கார்டன் கிரில். தி லேண்ட் என்ற கட்டடத்துக்குள் மெல்லச் சுழலும் உணவகம். கீழே படகு ரைடில் பார்க்கும் பசுங்குடிலில் விளையும் காய்கறிகளையும் சமையலுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தட்டுகளைக் கேட்கக் கேட்க நிரப்பித் தருகிறார்கள், இலை அடையாளச் சாப்பாடும் தனியாக உண்டு. மிக்கி மேசைக்கே வருவதால் வெயிலில் வரிசையில் நின்று போட்டோ எடுக்கிற வேலை மிச்சம். கட்டண விஷயத்தில் வயதைக் கவனியுங்கள். இத்தகைய இடங்களில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை, மூன்று முதல் ஒன்பது வரை குழந்தைக் கட்டணம், பத்து வயதாகிவிட்டால் பெரியவர் கட்டணம். பெரியவருக்கு 50 டாலருக்கு மேல் போகும். ஆறு பேரோ அதற்கு மேலோ உள்ள குழுவாக இருந்தால் 18 சதவீத டிப்ஸும் பில்லிலேயே சேர்ந்து வரும். எட்டுப் பேரென்றால் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு வாய் மட்டும் சாப்பிடுகிற பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் இடம் கட்டுப்படியாகாது. பீ அவர் கெஸ்டை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதிவு நாளின் காலைக்கு முன் சில வேலைகள் உண்டு. ஹோட்டல் பதிவு எண்ணை ஆப்பில் உங்கள் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பத்து நாள் வசதி வராது. கிரெடிட் கார்டு விவரத்தை முன்கூட்டியே சேமித்து வையுங்கள். என் வங்கி, விடியற்காலையில் வந்த கோரிக்கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கார்டை நிறுத்தி, சரிபார்க்கக் குறுஞ்செய்தி அனுப்பியது. போன் கையிலேயே இருந்ததால் உடனே பதில் கொடுத்தேன், இரண்டாவது கார்டும் சேமித்து வைத்திருந்தேன். கணவரின் லேப்டாப்பில் சனாவும் கார்டன் கிரில்லும், என் போனில் ஸ்பேஸ் 220 என்று பிரித்துக்கொண்டோம். எல்லாரும் ஒரே உணவகத்தைத் தேடுவதில் பயனில்லை. "அண்ணி, நானும் மூணு மணிக்கு அலாரம் வைக்கவா?" என்று நாத்தனார் கேட்டாள். வேண்டாம், தூங்கு என்றேன். ஆப்பில் குடும்பப் பட்டியலில் இணைத்துவிட்டால் ஒருவர் செய்த பதிவு எல்லாருக்கும் தெரியும்.

எட்டுப் பேருக்கு ஒரே மேசை என்று தேடினால் தெரிவுகள் வெகுவாகக் குறைகின்றன. நான்கு நான்காகப் பிரித்து, ஒரே நேரத்துக்கு அல்லது பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு பதிவுகள் செய்தால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அங்கே போனதும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்கலாம், உறுதியில்லை. சனாவில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசைகள் கிடைத்தன.

மகனின் விண்வெளி உணவகம் அன்று காலை அமையவில்லை. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தான். ஆனால் இது தட்கல் டிக்கெட் மாதிரி பத்து நிமிடத்தோடு முடிகிற விஷயமில்லை. ஜனங்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், இடம் திரும்ப வந்துகொண்டே இருக்கும். சொல்லாமல் வராமல் இருந்தால் பெரும்பாலான இடங்களில் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள். பல உணவகங்களில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம். ஹூப்-டீ-டூ போன்ற இரவு விருந்து நிகழ்ச்சிகளுக்கு முழுப் பணமும் முன்பே கட்ட வேண்டும் என்பதால் அவற்றின் விதி கடுமை. உங்கள் பதிவின் விதி எது என்று உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் பாருங்கள். இந்த விதிகளால் முந்தைய நாள் இரவும் அன்றைய காலையும்தான் நிறைய இடங்கள் திறக்கின்றன. நமக்கு வேண்டிய உணவகத்தில் இடம் வந்தால் செய்தி அனுப்பும் தனியார் சேவைகளும் உண்டு. நான் கையாலேயே பார்த்தேன், காபி போடும்போது ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. எப்காட் போகிற நாளுக்கு முந்தைய இரவு நான்கு பேருக்கு மதியம் இடம் வந்தது. அப்பாவும் மகனும், நாத்தனார் கணவரும் அவர் பையனுமாகப் போய்வந்தார்கள். எட்டுப் பேரும் போக வேண்டிய அவசியமே இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. நாங்கள் அந்த நேரத்தில் சன்ஷைன் சீசன்ஸ் கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மாமியாரோடு படகு ரைடில் இருந்தோம்.

பதிவே இல்லாவிட்டாலும் பட்டினி கிடக்க மாட்டோம். அனிமல் கிங்டத்தில் சாட்டுலி கேன்டீனில் டோஃபு, சோறு, காய்கறி போட்ட கிண்ணம் காரசாரமாக இருக்கும். காலை பத்து மணிக்கே ஆப்பில் மதியத்துக்கான நேரத்தைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் செய்துவிடலாம். சில உணவகங்கள் அன்றன்று இடம் இருந்தால் ஆப்பிலேயே காத்திருப்போர் பட்டியலில் சேரவும் விடுகின்றன. வெளிச்சாப்பாட்டைப் பூங்காவுக்குள் எடுத்துப்போகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது. எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் டப்பாவில் வைத்து எடுத்துப்போனோம், பாதுகாப்புச் சோதனையில் தடையேதும் இல்லை. கவுன்ட்டர் கடைகளில் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். ஜூலையில் அது பெரிய உபகாரம்.

ஒரு நாள் மாமியாருக்குக் கால் வீங்கிவிட்டது. அந்த மூன்றோடு கூடுதலாக அன்று இரவுக்குச் செய்திருந்த பதிவை மாலையிலேயே ஆப்பில் ரத்து செய்துவிட்டு அறையில் தயிர்சாதம் சாப்பிட்டோம். பதிவு செய்தாயிற்றே என்பதற்காக யாரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். நாம் விட்ட இடம் வேறு ஏதோ குடும்பத்துக்குப் போயிருக்கும்.

இந்தியாவிலிருந்து வரும் உறவினரோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல். அங்கிருந்தே யாராவது கணினியில் உட்கார்ந்து உதவ முடியும். கிழக்கு நேரம் காலை 6 மணி என்பது மார்ச் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இந்தியாவில் பிற்பகல் 3.30, மற்ற மாதங்களில் 4.30. அடுத்த முறை அந்தப் பொறுப்பைக் கும்பகோணத்தில் இருக்கும் கொழுந்தனாரிடம் கொடுப்பதாக நாத்தனார் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள்.